தூதரக அட்டையைக் காட்டினால் வில்லன் நிஜமாகவே தப்பிவிடுவானா?

கேள்வி இது: “‘லெத்தல் வெப்பன் 2’ மாதிரிப் படங்களில் வில்லன் கொலையும் செய்வான், போதைமருந்துப் பணத்தையும் கடத்துவான். போலீஸ் பிடிக்க வந்தால் தூதரக விலக்குரிமை என்று சொல்லிவிட்டு நடந்துபோவான். நிஜத்திலும் சட்டம் இப்படிக் கைகட்டி நிற்குமா? துப்பறியும் கதை ஒன்று எழுதுகிறேன். இதை வைத்து எழுதினால் வாசகர்கள் நம்புவார்களா?”

நம்புவார்கள். ஆனால் அந்தப் படத்தில் வருவதுபோல எழுதினால் விஷயம் தெரிந்தவர் முதல் இருபது பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். நிஜச் சட்டம் அதைவிடச் சிக்கலானது. சில இடங்களில் அதைவிடக் கொடுமையானது. கதை எழுதுகிறவருக்கு அது நிறையத் தீனி போடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் படம். 1989-ல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி இன்னும் நடந்துகொண்டிருந்த காலம். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென்னாப்பிரிக்கத் தூதரக அலுவலகத்தின் பெரிய அதிகாரி ஆர்யன் ரட் என்பவன்தான் வில்லன். க்ரூகராண்ட் தங்கக் காசுகள், கட்டுக்கட்டாக டாலர், கொலைகள் என்று எல்லாம் உண்டு. கடைசியில் கப்பலில் கதாநாயகனைச் சுட்டுவிட்டு அட்டையை உயர்த்திப் பிடிப்பான். கூட்டாளி போலீஸ்காரர் அவனைச் சுட்டுக் கொல்வார். தியேட்டரில் கைதட்டல் வாங்கும் காட்சிதான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த ஆள் இருப்பது லாஸ் ஏஞ்சலஸில். தலைநகரத்துக்கு வெளியே இருப்பவை துணைத் தூதரகங்கள். விசா, பாஸ்போர்ட், வணிகம், தன் நாட்டுக் குடிமக்களின் நலன் ஆகியவற்றைப் பார்ப்பதுதான் அவற்றின் வேலை. வாஷிங்டனில் உள்ள தூதரகத்துக்கு, நாடுகளுக்கிடையிலான தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் பொருந்தும். துணைத் தூதரகத்துக்கு 1963-ஆம் ஆண்டில் வேறொரு வியன்னா ஒப்பந்தம் இருக்கிறது. அதன் 43-ஆவது பிரிவுப்படி துணைத் தூதரக அதிகாரிக்குத் தன் அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டும்தான் விலக்கு. போதைமருந்துப் பணத்தைக் கப்பலில் ஏற்றுவது எந்த நாட்டின் தூதரக அலுவலிலும் சேராது. 41-ஆவது பிரிவு இன்னும் தெளிவு. கடுங்குற்றம் என்றால், நீதிமன்ற உத்தரவோடு அவரைக் கைது செய்து விசாரணைக் காவலில் வைக்கலாம். ஆக, அந்தப் படத்தின் போலீஸ்காரர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல அரசு வழக்கறிஞரும் ஒரு வாரண்டும்தான்.

இந்த வித்தியாசம் ஏட்டில் மட்டும் இருப்பது என்று நினைக்க வேண்டாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைதானது இதனால்தான். வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் சம்பளம் பற்றிப் பொய் சொன்னதாகக் குற்றச்சாட்டு. அது அலுவல் சார்ந்த செயல் இல்லை, ஆகவே விலக்கு இல்லை என்றது அமெரிக்கா. கைதுக்குப் பிறகு அவருடைய உடைகளைக் களைந்து சோதனையிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் இங்கே கொதிப்பு. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தைச் சுற்றியிருந்த பாதுகாப்புத் தடுப்புகள் அகற்றப்பட்டன. இந்தியா அவரை ஐநாவுக்கான நிரந்தரத் தூதுக்குழுவுக்கு மாற்றியது. 2014 ஜனவரி 8-ஆம் தேதி அவருக்கு முழு விலக்கு கிடைத்தது. மறுநாள் குற்றப்பத்திரிகை தாக்கலானது, அவர் நாடு திரும்பினார். மார்ச் மாதம் நீதிபதி அந்தக் குற்றப்பத்திரிகையைத் தள்ளுபடி செய்தார்: ஜனவரி 9 அன்று அவருக்கு முழு விலக்கு இருந்தது என்பதுதான் காரணம். இரண்டே நாளில் அரசுத் தரப்பு மறுபடியும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, ஏனென்றால் அதற்குள் அந்த விலக்கு முடிந்திருந்தது. ஒரு தேதியில் ஒரு வழக்கே விழுந்து எழுந்ததைப் பாருங்கள். எந்தத் துப்பாக்கிச் சண்டையையும்விட எனக்கு இது பரபரப்பாகத் தெரிகிறது.

அதற்கு முன்பு, 2011 ஜனவரியில், லாகூரில் ரேமண்ட் டேவிஸ் என்ற அமெரிக்கர் பட்டப்பகலில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். சிஐஏ ஒப்பந்தக்காரர் என்பது பிறகு வெளியே வந்தது. அப்போதும் சண்டை இதே இடத்தில்தான் சுற்றியது: அவர் லாகூர் துணைத் தூதரகத்தைச் சேர்ந்தவரா, இஸ்லாமாபாத் தூதரகத்தின் பணியாளரா? முதலாவது என்றால் கொலைக்கு விலக்கு கிடையாது. இரண்டாவது என்றால் உண்டு. அமெரிக்கா முதலில் ஒன்று சொல்லி, பிறகு மற்றதைச் சொன்னது. கடைசியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் இரத்தப் பணம் கொடுக்கப்பட்டு, பாகிஸ்தான் சட்டப்படியே மார்ச் 16 அன்று அவர் விடுதலையானார். விலக்குக் கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை.

சரி, வில்லன் தலைநகரத்தில் இருக்கும் உண்மையான தூதரக அதிகாரி என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் நிஜம் கசக்கும். 1961 ஒப்பந்தத்தின் 29-ஆவது பிரிவு, அவரை எந்த விதத்திலும் கைது செய்யக் கூடாது என்கிறது. 31-ஆவது பிரிவு, அந்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் எதற்கும் அவர் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. கொலைக்கு, வல்லுறவுக்கு, கடத்தலுக்கு என்று தனி விதிவிலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை. அவரோடு வசிக்கும் குடும்பத்தினருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் போலீஸ் தடுக்கலாம், துப்பாக்கியைப் பிடுங்கலாம். ஆபத்து நீங்கியபின் விலங்கு மாட்ட முடியாது.

ஆனால் சினிமா கோட்டைவிடும் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கவசம் வில்லனுடையது அல்ல, அவனை அனுப்பிய நாட்டினுடையது. 32-ஆவது பிரிவுப்படி அந்த நாடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விலக்கு அந்த நிமிடமே போய்விடும். அந்த அதிகாரியின் சம்மதத்தை யாரும் கேட்கத் தேவையில்லை. 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரி குடித்துவிட்டுக் கார் ஓட்டி, 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் சாவுக்குக் காரணமானார். ஜார்ஜியா அப்போதுதான் சோவியத்திலிருந்து பிரிந்து எழுந்துகொண்டிருந்த சின்ன நாடு, அமெரிக்க உதவி அதற்கு உயிர்நாடி. அதிபர் ஷெவர்த்நாட்சே விலக்கை விட்டுக்கொடுத்தார். அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு 7 முதல் 21 ஆண்டு வரையான தண்டனை பெற்றார்.

2019-ல் இங்கிலாந்தில் அமெரிக்கர்கள் பயன்படுத்தும் விமானப்படைத் தளம் ஒன்றின் அருகே, தவறான பக்கத்தில் கார் ஓட்டிவந்த ஒரு பெண் 19 வயது இளைஞரின் மோட்டார் சைக்கிளில் மோதினார். இளைஞர் இறந்தார். அந்தப் பெண் அமெரிக்க அதிகாரியின் மனைவி. விலக்கு உண்டு என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார். அவரை ஒப்படைக்கும்படி பிரிட்டன் கேட்டது, அமெரிக்கா மறுத்தது. இளைஞரின் பெற்றோர் விடாமல் போராடியதால் 2022-ல் அந்தப் பெண் காணொளி வழியாகவே லண்டன் நீதிமன்றத்தில் தோன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிடைத்தது எட்டு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. சின்ன நாட்டின் அதிகாரி சிறைக்குப் போகிறார், வல்லரசு அதிகாரியின் மனைவி வீட்டுக்குப் போகிறார். உங்கள் கதைக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அவசியமான யோசனை இதிலிருந்துதான் வருகிறது: உங்கள் வில்லன் எந்த நாட்டைச் சேர்ந்தவன், அந்த நாட்டுக்கு இப்போது யாருடைய தயவு வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அவன் பயப்பட வேண்டியது போலீஸுக்கு இல்லை, தன் சொந்த வெளியுறவு அமைச்சகத்துக்குத்தான். தன் முதலாளிகள் தன்னை எந்த நிமிடம் கைகழுவுவார்கள் என்று தெரியாத வில்லன், அட்டையைக் காட்டிச் சிரிக்கும் வில்லனைவிடப் பல மடங்கு சுவாரசியமானவன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு வழக்கும் இதைத் தொட்டது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலிலிருந்த கடற்படை வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். தேர்தலில் ஓட்டுப்போட அந்த வீரர்களை ஊருக்கு அனுப்புங்கள், திரும்பி வருவார்கள் என்று இத்தாலியத் தூதர் உச்ச நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தார். அனுப்பினார்கள். 2013 மார்ச்சில் இத்தாலி, திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது. உச்ச நீதிமன்றம் தூதரே நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவிட்டது. நீதிமன்றத்துக்கு வந்து வாக்குக் கொடுத்தவர் விலக்கு கேட்க முடியாது என்பது அதன் நிலை. சட்டம் தெரிந்த பலர் இதை ஏற்கவில்லை, வியன்னா ஒப்பந்தத்தை மீறிய உத்தரவு என்றார்கள். சட்டப்படி அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் சில நாட்களில் வீரர்கள் திரும்பி வந்தார்கள். பிறகு அந்த வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போய், அவர்கள் அரசுப் பணியிலிருந்த வீரர்கள் என்பதால் இந்தியாவில் விசாரிக்க முடியாது என்று 2020-ல் முடிவானது. 2021-ல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு இங்கே வழக்கு மூடப்பட்டது.

இவ்வளவு அநியாயத்துக்கு இடம் தரும் சட்டத்தை ஏன் எல்லா நாடுகளும் கட்டிக் காக்கின்றன? இதற்குப் பதில் தெரியாமல் எழுதினால் கதையில் போலீஸ் மட்டும் நல்லவர்களாகவும் வெளியுறவு அதிகாரிகள் எல்லாரும் கோழைகளாகவும் தெரிவார்கள். தூதுவனைக் கொல்லக் கூடாது என்று விபீடணன் இராவணனிடம் வாதாடியது நமக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். எதிரியின் ஆள் என்றாலும் அவன் உயிரோடு திரும்பினால்தான் அடுத்த பேச்சு நடக்கும். 1708-ல் லண்டனில் ரஷ்யத் தூதர் மத்வேயெவை அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நடுத்தெருவில் பிடித்துவைத்தார்கள். ஜார் மன்னர் பீட்டர் கொதித்தெழுந்தார். அதற்குப் பின்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தூதர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1979-ல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து, 52 பேரை 444 நாட்கள் வைத்திருந்தபோது, இந்தக் கவசம் உடைந்தால் என்ன ஆகும் என்று உலகமே பார்த்தது. சர்வதேச நீதிமன்றம் 1980-ல் சொன்ன தீர்ப்பின் சாரம் இதுதான்: தூதர்கள் அத்துமீறினால் அவர்களை விரும்பத்தகாத நபர்கள் என்று அறிவித்து வெளியேற்று, உறவையே முறித்துக்கொள், ஆனால் கை வைக்காதே. நம்மூரில் ஒரு வெளிநாட்டு அதிகாரியைத் தூக்கி உள்ளே வைத்தால், மறுவாரம் ஏதோ ஒரு தலைநகரத்தில் நம் அதிகாரியின் மீது பொய்வழக்கு பாயும்.

இந்த விதிக்கு ஒரு நாடு கொடுத்த மிகக் கசப்பான விலை 1984-ல் லண்டனில். ஏப்ரல் 17 அன்று செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்தின் முன் கடாஃபி எதிர்ப்பாளர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். தூதரக ஜன்னலிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டது. ஆர்ப்பாட்டக்காரர்கள் பலர் காயப்பட்டார்கள், பாதுகாப்புக்கு நின்ற இவான் ஃப்ளெட்சர் என்ற 25 வயது பெண் காவலர் இறந்தார். சுட்டவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1961 ஒப்பந்தத்தின் 22-ஆவது பிரிவுப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைய முடியாது. பதினோரு நாள் முற்றுகை. லிபியாவில் இருந்த பிரிட்டிஷ்காரர்களின் உயிரும் கணக்கில் இருந்தது. பிரிட்டன் உறவை முறித்துக்கொண்டது. ஏப்ரல் 27 அன்று உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து விமானம் ஏறினார்கள். அவர்கள் எடுத்துப்போன தூதரகப் பைகளையும் யாரும் திறக்கவில்லை. அந்தக் கொலைக்காக இன்றுவரை யாரும் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. அவரோடு பணியில் நின்ற சக காவலர் ஒருவர் பல ஆண்டுகள் விடாமல் போராடி, 2021-ல் உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு லிபியர் அதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பு வாங்கினார். அந்தச் சதுக்கத்தில் நின்று, கண்ணெதிரே கொலையாளிகள் காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்களின் மனநிலையை எந்தப் படமும் இதுவரை சரியாகக் காட்டியதாக நான் பார்த்ததில்லை.

சினிமாவில் கதாநாயகன் தூதரகச் சுவரைத் தாண்டிக் குதிப்பான். நிஜத்தில் பனாமாவுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் புகுந்திருந்தபோதும், அவர்கள் பிடிக்க வந்த அந்நாட்டுச் சர்வாதிகாரி நோரியேகா போப்பின் தூதரகத்துக்குள் ஒளிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இது நடந்தது 1989 டிசம்பர், அந்தப் படம் வந்த அதே வருடம். ராக் பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிட்டார்கள், உள்ளே மட்டும் போகவில்லை. 1990 ஜனவரி 3-ல் அவராகவே வெளியே வந்தார்.

ஃப்ளெட்சர் கொலை நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், அதே 1984 ஜூலையில், இன்னொரு சம்பவம். நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோ லண்டனில் தன் வீட்டு வாசலிலேயே கடத்தப்பட்டார். ஜன்னல் வழியே பார்த்த செயலாளர் போலீஸுக்குச் சொன்னார். ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் லாகோஸுக்குப் போகவிருந்த இரண்டு மரப்பெட்டிகளை சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். தூதரகப் பொருள் என்றார்கள் கொண்டுவந்தவர்கள். தூதரகப் பையை, அதாவது தூதரகம் அனுப்பும் பொதியை, திறக்கவோ நிறுத்திவைக்கவோ கூடாது என்கிறது 27-ஆவது பிரிவு. ஆனால் அதே பிரிவு, அதன்மேல் வெளியே தெரியும்படி உரிய அடையாளம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெட்டிகளில் முறையான முத்திரை இல்லை, காகிதங்களும் சரியில்லை. திறந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட டிக்கோ உள்ளே கிடந்தார், பக்கத்திலேயே ஒரு மயக்கவியல் மருத்துவர். இன்னொரு பெட்டியில் இரண்டு ஆட்கள். மூன்று இஸ்ரேலியர்களும் ஒரு நைஜீரியரும் சிறைக்குப் போனார்கள். ஒரு மனித உயிர் ஒரு முத்திரையில் தொங்கியது. இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நம்ப முடியவில்லை என்று நாமே திருப்பி அனுப்பியிருப்போம்.

தூதரகப் பாஸ்போர்ட்டை நீட்டியதும் போலீஸ் விலகி நிற்கும் காட்சியையும் விட்டுவிடுங்கள். அந்தப் பாஸ்போர்ட் விலக்கு தராது. இருக்கும் நாடு அவரைத் தூதரக அதிகாரியாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். 1998-ல் லண்டனில் கைதான சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோஷே கையில் தூதரகப் பாஸ்போர்ட்தான் இருந்தது. 1960-ல் நியூயார்க்கில் ஹெராயினோடு பிடிபட்டவர் பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் குவாத்தமாலா அனுப்பிய தூதர். அமெரிக்காவில் அவர் வெறும் பயணி, கைதானார்.

நிஜத்தில் இந்தக் கவசத்தை அதிகம் தவறாகப் பயன்படுத்தும் இடம் கப்பலோ கிடங்கோ இல்லை. வீட்டுச் சமையலறை. பிலிப்பைன்ஸ், நேபாளம், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து தூதரக அதிகாரிகளின் வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பாஸ்போர்ட் பறிக்கப்படுகிறது, சம்பளம் நிற்கிறது, கதவு பூட்டப்படுகிறது. 2015 செப்டம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் சவூதி தூதரக அதிகாரியின் வீட்டிலிருந்து இரண்டு நேபாளப் பெண்களைப் போலீஸ் மீட்டது. அடைத்துவைத்துக் கூட்டு வல்லுறவு செய்தார்கள் என்பது அவர்களின் புகார். தூதரகம் மறுத்தது. சில நாட்களில் அந்த அதிகாரி இந்தியாவைவிட்டுப் போய்விட்டார். நேபாளத்தாலும் இந்தியாவாலும் சவூதியை எவ்வளவு தூரம் அழுத்த முடியும்? அங்கே வேலை செய்யும் லட்சக்கணக்கான தொழிலாளர்களை நினைத்துக்கொண்டுதான் இரண்டு அரசுகளும் பேசின என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெண்களுக்கு நீதிமன்றத்தில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

ஆனால் இங்கேதான் சட்டம் மெதுவாக நகர்ந்திருக்கிறது. ஒப்பந்தத்தின் 31-ஆவது பிரிவில், உரிமையியல் வழக்குகளுக்கு மட்டும் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, அலுவலுக்கு வெளியே செய்யும் வணிக நடவடிக்கை. 2022-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், பணிப்பெண்ணை நவீன அடிமையாக வைத்து லாபம் அடைவதும் அப்படிப்பட்ட நடவடிக்கைதான் என்று சொன்னது. பதவியிலிருக்கும் தூதரக அதிகாரிமீதே அந்தப் பெண் நஷ்டஈடு கேட்டு வழக்கு நடத்தலாம் என்றாகிவிட்டது. சிறைத் தண்டனை இல்லைதான். ஆனாலும் அந்தக் கவசத்தில் உள்ளேயிருந்து விழுந்த முதல் பெரிய ஓட்டை இது.

கடைசியாக, உங்கள் கதையின் முடிவுக்கு உதவும் 39-ஆவது பிரிவு. பதவி முடிந்து, நாட்டைவிட்டுக் கிளம்ப நியாயமான அவகாசமும் கடந்ததும், தனிப்பட்ட விலக்கு போய்விடும். அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டும்தான் அது தொடரும். 2017-ல் அதே பிரிட்டன் உச்ச நீதிமன்றம், பணிப்பெண்ணை வேலைக்கு வைத்தது அலுவல் சார்ந்த செயல் அல்ல, ஆகவே பதவி முடிந்துபோன அதிகாரிக்கு விலக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. கொலைக்கும் இதே தர்க்கம்தான். உங்கள் வில்லன் கொன்றுவிட்டு ஊருக்குப் போகட்டும். ஓய்வு பெறட்டும். பன்னிரண்டு வருடம் கழித்து, மகளின் பட்டமளிப்பு விழாவுக்கோ மூட்டு அறுவைச் சிகிச்சைக்கோ சாதாரண பாஸ்போர்ட்டில் அதே நகரத்தில் வந்து இறங்கட்டும். கொலைக்குக் காலவரம்பு இல்லாத நாடாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும் ஒரு ஆய்வாளர் இருந்தால் போதும், குடியேற்றக் கவுண்டரிலேயே கைது செய்யலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு குண்டும் வேண்டாம்.